எரியாத மருந்து

அந்த வருஷம் கார்த்திகை முழுக்க மழை. நாங்கள் கொடைக்கானலில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் அங்கே சயன்ஸ் வாத்தியார். நான் கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மலைக்கு வந்ததும் அந்த வேலை போயிற்று. மலைப் பள்ளிகளுக்குக் குளிர்காலத்தில்தான் நீண்ட விடுமுறை. பிள்ளைகள் ஊருக்குப் போனபின் லேபரட்டரி மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். தலைமை ஆசிரியரிடம் கேட்டு அதன் சாவியை வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அங்கே இருந்த சோலி கடற்பஞ்சு. மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலில் கிடப்பதை ஆராய்வதா என்று சிரித்தவர்கள் உண்டு. கல்லூரியை விடுவதற்குச் சற்று முன்பு சென்னையில் ஒரு நூலகத்தில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். எங்கோ மேற்குக் கடலில் எடுத்த ஒரு பஞ்சுக்குள், நம் உடம்பின் உயிரணுக்களில் இருக்கும் பொருளைப் போலவே ஒன்று இருந்ததாம். எல்லாம் அதே மாதிரி, உள்ளே இருக்கும் சர்க்கரை மட்டும் வேறு. அது என் மனசை விட்டுப் போகவில்லை. கடற்பஞ்சு ஒரு பிராணி; அதற்குப் பல்லில்லை, ஓடில்லை, பாறையை விட்டு ஓடவும் முடியாது. ஆனாலும் பெரும்பாலான மீன்கள் அதைத் தின்பதில்லை. அப்படியானால் அதற்குள் ஏதோ இருக்கிறது. பிறரைக் கிட்ட வரவிடாமல் தடுக்கும் அந்த ஏதோ ஒன்று நோய்க்கிருமியையும் தடுக்குமா? இதுதான் என் கேள்வி.

பஞ்சைக் கொண்டுவந்து தந்தவர் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். ஐம்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, பேச்சு மட்டும் மெதுவாக வரும். அவருடைய மச்சினர் கீழக்கரையில் சங்கு வியாபாரம். சங்கு குளிப்பவர்களின் பையிலும் வலையிலும் சிக்கி வரும் பஞ்சைக் கரையில் வீசிவிடுவார்கள். அதைக் காயவைத்துச் சாக்கில் கட்டி அனுப்பும்படி பாய் சொல்லிவிட்டார். மூன்று மூட்டை வந்தது. மூன்றையும் அவரே ஆள் வைத்துப் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தார்.

"வாத்தியாரம்மா, இந்தச் செங்கல் கலர்ல இருக்கே, அதை வெறுங்கையால தொடாதீங்க. கட்டுன ஆளுக்குக் கை வீங்கி நாலு நாள் வேலைக்கு வரலையாம்" என்றார்.

நான் முதலில் எடுத்தது அதைத்தான்.

துண்டுதுண்டாக நறுக்கி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன். மதுவிலக்குக் காலம் அது. ஸ்பிரிட்டுக்குப் பள்ளிக்கூடத்தின் பெர்மிட் இருந்ததால் பிழைத்தேன். ஊறியதை வடிகட்டி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து வற்றவிட்டால் அடியில் தேன் நிறத்தில் கொஞ்சம் நிற்கும். கிருமி வளர்க்கத் தட்டு வேண்டுமே? நோன்புக் காலத்தில் பாய் வீட்டில் கடல்பாசி காய்ச்சி இனிப்புத் துண்டம் போடுவார்கள். அதே கடல்பாசியை அவர் கடையில் வாங்கி, ஆட்டெலும்புச் சாற்றில் காய்ச்சிக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினேன். என் கணவர் கழுத்தில் வந்திருந்த கட்டியின் சீழிலிருந்து கிருமி. கொடைக்கானல் குளிரில் அது வளர வேண்டுமென்று, தேயிலைப் பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு, சாற்றில் தோய்த்த காகித வில்லைகளைத் தட்டுகளில் இட்டு அதற்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். தட்டு முழுவதும் கிருமி மாவு பூசியதுபோல் படர்ந்திருந்தது. வெறும் ஸ்பிரிட்டில் நனைத்து வைத்த காகித வில்லையைச் சுற்றியும் அப்படித்தான். செங்கல் நிறப் பஞ்சின் சாறு தொட்ட வில்லையைச் சுற்றி மட்டும், மழைக்கு முன் நிலா கோட்டை கட்டியிருக்குமே, அதுபோலத் தெளிவான வட்டம். அதற்குள் ஒரு கிருமி இல்லை.

குவார்ட்டர்ஸுக்கு ஓடிப்போய்க் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். மறுநாள் சர்க்கரை வாங்கப் போன இடத்தில், சந்தோஷம் தாங்காமல் பாயிடம் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் பாய் தடியூன்றி மேட்டில் ஏறி வந்தார். அவர் நொண்டுவதை நான் அதற்குமுன் கவனித்திருந்தேன்; ஆனால் கேட்டதில்லை. லேபரட்டரி ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலில் சுற்றியிருந்த துணியை அவரே அவிழ்த்தார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். எலுமிச்சம்பழம் அளவு. வாடை வந்தது. சர்க்கரை வியாதி அவருக்கு எட்டு வருஷமாக.

"மதுரைல காட்டியாச்சு. பாதத்துல பாதியை எடுத்துடணும்னு சொல்லிட்டாரு டாக்டரு. பத்து நாள்ல வந்து படுக்கணுமாம். நாலு நாள் போச்சு" என்றார்.

நான் குனிந்து புண்ணைப் பார்த்தேன்.

"கிருமியைக் கொல்லுதுன்னு வாத்தியார் சொன்னாரு. நம்ம பஞ்சுதானேம்மா. ஒரு சொட்டு ஊத்திப் பாப்போமே."

"பாய், இது மருந்து இல்ல. கண்ணாடித் தட்டுல கிருமி செத்துச்சு, அவ்வளவுதான். மனுஷ உடம்புல என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

"நீங்க மதுரைக்குப் போய்ப் படுங்க. தயவுசெஞ்சு நாளைத் தள்ளாதீங்க."

அவர் துணியைத் திரும்பச் சுற்றினார். முடிச்சுப் போட மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார். "காலு போனா கடையில நிக்க முடியாது. நின்னாத்தான் கடை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் வாசல் வரை போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் மனைவி வந்தார். முக்காட்டில் மழைத்துளி அப்படியே நின்றது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒங்களுக்கு ஒரு கூடப்பொறந்தவர் இருந்து கேட்டா இல்லைன்னு சொல்லிருவியளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"கூடப்பிறந்தவராயிருந்தாலும் இதைத்தான் சொல்வேன் அக்கா."

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நானும் என்னை முழுக்க நம்பினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அவர் போனதும் எங்களுக்குள் சண்டை. "வெளியே தடவத்தானே கேட்கிறார்? வெட்டப்போகிற கால். இதைவிட என்ன கெட்டுவிடும்?" என்றார் கணவர். பஞ்சு மூட்டை கட்டினவன் கை வீங்கியதை நினைவூட்டினேன். "வீக்கத்துக்கும் காலை எடுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?" என்றார். கோபத்தில் லேபரட்டரிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இடது முழங்கைக்கு உள்பக்கம் ஊசியால் கீறி, ரத்தம் கசிந்ததும் அதன்மேல் ஒரு சொட்டு விட்டேன். சுரீரென்று எரிந்தது, பிறகு நின்றுவிட்டது. மேலே சுத்தத்துணி கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை அவிழ்த்துப் பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. கீறலில் சீழும் இல்லை. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்த கணவரிடம் கையை நீட்டினேன். "பாருங்க, ஒண்ணுமே ஆகல" என்றேன்.

இன்னும் இரண்டு நாள் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். அதை எத்தனை மெதுவாகச் சொன்னேனோ!

வெள்ளி முழுதும் மழை. சனிக்கிழமை வெள்ளனே எழுந்தபோது இடது கை பாரமாக இருந்தது. துணியை அவிழ்த்தேன். கீறலைச் சுற்றி ஓரணா அளவுக்குத் தோல் கருத்துச் செத்திருந்தது. அதைச் சுற்றிக் கொப்புளம். தொட்டால் நடுவில் உணர்ச்சியே இல்லை.

கிருமியையும் என் தசையையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இரண்டையும் கொன்றிருந்தது.

குறித்துவைப்போம் என்று லேபரட்டரிக்குப் போனேன். அலமாரியில் சின்னச் சாற்றுப் புட்டியை எடுத்தேன். கழுத்துவரை இருந்த சாறு இப்போது பாதிதான் இருந்தது. முதலில், மூடி சரியாக இல்லாமல் ஆவியாகிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். மூடி இறுக்கமாக இருந்தது. சாவி எங்கள் இரண்டு பேரிடம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கையைக் கணவர் முன் நீட்டினேன். அவர் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்கியது.

"எப்ப குடுத்தீங்க?"

"நேத்து மத்தியானம். ஜும்மா முடிஞ்சு வரும்போது. ஒன் கையைப் பார்த்துட்டுத்தான்..."

"பாய் இப்ப எங்க?"

"சாயங்கால பஸ்ஸுல மலை இறங்கிட்டார். பெரியகுளத்துல மக வீடு. அங்க வெச்சுப் போட்டுக்கிட்டு, கேக்கலைன்னா அப்படியே மதுரைக்குப் போறதா சொன்னார்."

பஜாருக்கு ஓடினோம். கடை பூட்டியிருந்தது. தபாலாபீஸில் டெலிபோன் வேலை செய்யவில்லை, தந்தியும் போகாது என்றார்கள். மலைரோட்டில் ஊத்து என்ற ஊருக்குக் கீழே மண் சரிந்து, கம்பங்களைச் சாய்த்துக்கொண்டு ரோட்டை மூடிவிட்டது. பஸ் எப்போது போகும் என்று டிரைவரைக் கேட்டால், "நாளைக்குப் போனா பெரிய விஷயம் சார்" என்றார்.

இனிமேல் இருந்தது ஒரே வழி. செண்பகனூர் தாண்டி அடுக்கம் வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கும் பழைய பாதை. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் டோலியும் குதிரையும் போன பாதை. மூட்டை தூக்குகிறவர்கள் அப்போதும் அதில்தான் நடந்தார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக் கணவரின் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டேன். ஒரு பையில் புண் கழுவ உப்பும் சுத்தத்துணியும். எட்டு மணிக்குப் புறப்பட்டோம்.

பாதைக் கற்களில் பாசி. இரண்டு இடத்தில் விழுந்தேன், இரண்டாவது தடவை அந்தக் கைமேலேயே. மூடுபனியில் முன்னால் போகும் கணவரின் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மனசுக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் கை கருக்க ஒன்றரை நாள் ஆயிற்று. அவர் நேற்றுச் சாயங்காலம் போட்டிருந்தால் இன்று சாயங்காலத்துக்குள் கழுவிவிட்டால் போதுமா? ஒரு சொட்டுக்கு ஒன்றரை நாள் என்றால் அரைப் புட்டிக்கு?

அடுக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஓர் ஓடை. செம்மண் நிறத்தில் இரைந்து ஓடியது. பாதை அதற்குள் போய் மறைந்துவிட்டது. கணவர் கால் வைத்துப் பார்த்தார். தொடைவரை இழுத்தது.

அப்போது பின்னாலிருந்து, "ஏலே, எறங்காத!" என்று குரல் வந்தது. முதுகில் மூங்கில் கூடையோடு, மலைவாசிப் பளியர் பெண் ஒருத்தி. கிழங்கு தோண்டிவிட்டு வருகிறாள் போலிருந்தது. வாத்தியாரையே ஏலே என்று கூப்பிடுகிறாளே என்று எனக்கு அந்த நிலைமையிலும் தோன்றியது.

"நேத்து மாடே போச்சு இதுல. அப்படி என்ன அவசரம் தாயி?"

"கீழ ஒருத்தருக்கு விஷத்தைக் குடுத்துட்டோம். அவர் அதை மருந்துன்னு நெனச்சுட்டு இருக்காரு" என்றேன். விஷம் என்ற சொல் அன்றுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெரசா வா" என்று மேட்டுப் பக்கம் ஏறினாள். புதருக்குள் புகுந்து அரை மணி நேரம் மேலே ஏறியபின், இரண்டு பாறைக்கு நடுவே ஓடை ஒடுங்கும் இடம் வந்தது. குறுக்கே ஒரு மரம் கிடந்தது. முதலில் அவள் போய், திரும்பி வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அக்கரையில் என் காலைப் பார்த்து, ஒட்டியிருந்த அட்டைகளைச் சுண்ணாம்பு தொட்டு உதிர்த்தாள். நன்றி சொல்லத் திரும்பியபோது மரத்தின் பாதி தூரம் போயிருந்தாள்.

பெரியகுளத்தில் பாயின் மகள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது மணி நாலு. உடம்பெல்லாம் சேறு. கதவைத் திறந்த மகள் பயந்து ஒதுங்கினாள். கூடத்தில் பாய் கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணைமேல் நீட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"வாங்கம்மா, வாங்க! நேத்து ராத்திரி ஒருவாட்டி, காலையில ஒருவாட்டி போட்டாச்சு. நான் பயந்த மாதிரி இல்ல. எரியவே இல்லம்மா. தண்ணி ஊத்துனாப்புல குளுந்து கெடக்கு!"

சர்க்கரை வியாதிக்காரர் காலில் உணர்ச்சி செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். என் கையில் சுரீரென்று எரிந்தது அவர் காலில் எரியவில்லை என்றால், அது மருந்தின் குணம் இல்லை.

"துணியை அவிழ்க்கணும் பாய். ஒடனே."

அவர் மனைவி குறுக்கே வந்தார். "காலையிலதான் கட்டினோம். மூணு நாள் பிரிக்காம இருக்கணும்னு..."

"யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே வைத்துக்கொண்ட பத்தியம். நான் இடது கைத் துணியைப் பிரித்து அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு புருஷனின் காலைப் பார்த்தார். அவரே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

புண்ணின் ஓரம் முழுக்கக் கருத்திருந்தது. பக்கத்து இரண்டு விரலும் நீலம். விரல் சந்தில் சாறு வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவினேன், திரும்பத் திரும்பக் கழுவினேன். பாய் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வலியில்லை அவருக்கு. வலித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மருமகன் ஒரு வாடகைக் கார் பிடித்துவந்தார். ராத்திரி எட்டு மணிக்குள் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை பார்த்த டாக்டர் என்னை விட வயதில் சிறியவர். காலைப் பரிசோதித்துவிட்டு, "என்ன போட்டீங்க?" என்று கேட்டார். பாயின் மனைவி, "நாட்டு மருந்து" என்று சட்டென்று சொன்னார். எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னார். கணவர் வாயைத் திறக்குமுன் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, ஸ்பிரிட், தட்டு, என் கை, புட்டி. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார், என் கையைப் பார்க்கும்போது மட்டும் நிறுத்தினார்.

"சீழ் எலும்புக்கு ஏற்கெனவே எறங்கிடுச்சு. இதைப் போடாம இருந்திருந்தாலும் ஆபரேஷன்தான். ஆனா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும் இப்ப" என்றார்.

"முன்னாடி பாதிப் பாதம்னு சொன்னாங்களே?" என்றேன்.

"நாளும் போயிருக்கு. இதுவும் பட்டிருக்கு. எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

என்னாலும் இன்றுவரை முடியவில்லை.

பாய் தை கடைசியில் மலை ஏறினார், கட்டைக்காலோடு. உயரமான ஸ்டூல் ஒன்றைச் செய்து கல்லாவுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் துணிந்து போனேன். கடையில் யாரும் இல்லை. கல்லாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவரேதான் பேசினார். "ஒங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சும்மா. பொய் சொல்லமாட்டேன். ஆனா அது காலு போனதுக்கு இல்ல. மொதநா நீங்க மாட்டேன்னீங்கள்ல, அப்ப வந்த கோவம். அது போக நாளாச்சு."

"வாத்தியார் மேல?"

"அவரு நான் கேட்டதுக்குக் குடுத்தாரு. கேட்டது நானு." கல்லாப் பெட்டியைச் சாத்திவிட்டு, "அவரை வரச் சொல்லுங்க. கடைப்பக்கம் வர்றதே இல்ல" என்றார்.

கணவர் போக இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. எங்களுக்குள் விஷயம் அதைவிட மெதுவாகத்தான் சரியானது. அவர் தன்னிடமிருந்த லேபரட்டரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் "ஒண்ணுமே ஆகல" என்று கையை நீட்டியதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

மீதிச் சாற்றையும் ஒரு மூட்டைப் பஞ்சையும், நடந்த அத்தனையையும் எழுதிய கடிதத்தோடு ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் சொன்னது சரி, நாங்கள் வைத்துப் பார்த்த உயிரணு எல்லாவற்றையும் இது கொல்கிறது, எந்த அளவில் எதைக் கொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை, அதற்கு வருஷங்கள் ஆகும், விருப்பமிருந்தால் வாருங்கள் என்று. போனேன். விடுமுறைக்கு விடுமுறை மலைக்கு வருவேன்.

அறுபதுகள் முடிகிற சமயம் ஒரு மருத்துவப் பத்திரிகை கைக்கு வந்தது. நான் முன்பு படித்த அந்த மேற்குக் கடல் பஞ்சின் பொருளை மாதிரியாக வைத்து ஒரு மருந்து செய்திருக்கிறார்கள், ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள் என்று இருந்தது. உயிரணு இரண்டாகப் பிரிவதை அது தடுக்கிறது. கெட்ட அணுவோடு நல்ல அணுவும் கொஞ்சம் போகிறது. அதனால் ரத்தத்தை எடுத்து எண்ணி எண்ணி, அளந்து கொடுக்கவேண்டும். சிலருக்கு நோய் சில மாதம் அடங்கியிருக்கிறது. அதற்கு முன்னால் அப்படிப்பட்டவர்களில் அநேகம் பேருக்குச் சில மாதமே ஆயுள்.

அந்த லீவில் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கணவருக்கு முழுக்கப் படித்து விளக்கிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "இதை முதல்ல யாருக்குப் போட்டாங்கன்னு இருக்கா?" என்றார்.

திரும்பப் புரட்டினேன். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு, எத்தனை நாள் என்றெல்லாம் இருந்தது. முதலில் வாங்கிக்கொண்டவர் யார் என்று இல்லை.

"இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் புறப்பட்டார்.